தாலுகா கோர்ட்டில் பழைய கேஸ் கட்டு தேடுவது, நகல் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு தாலுகா ஊரில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். நகல் மனு எழுதுவதும், கட்டு தேடி ரெக்கார்ட் ரூம் வாசலில் நிற்பதும் என் வேலையில் பாதி. வேலையை விட்ட பிறகும் கல்யாண வீடு, பஸ், டீக்கடை என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். இங்கே உள்ளவை தமிழ்நாட்டின் தாலுகா, மாவட்டக் கோர்ட்டுகளுக்குப் பொருந்தும். உயர் நீதிமன்றத்தின் நடைமுறை வேறு.

கோர்ட் ரெக்கார்டுன்னா எது எது? தீர்ப்பும் டிக்ரியும் ஒண்ணுதானே?

ஒரு சிவில் கேஸில் பிராது (வாதி கொடுக்கும் வழக்கு மனு), எதிருரை (பிரதிவாதியின் பதில்), இரு தரப்பும் தாக்கல் செய்த ஆவணங்கள், சாட்சி வாக்குமூலம், இடையில் போட்ட மனுக்களும் அவற்றின் உத்தரவுகளும், கடைசியில் தீர்ப்பும் டிக்ரியும் இருக்கும். எல்லாம் சேர்ந்து நாடா போட்டுக் கட்டிய மூட்டைதான் ‘கட்டு’.

தீர்ப்பு வேறு, டிக்ரி வேறு. யார் என்ன சொன்னார்கள், நீதிபதி எதை நம்பினார், ஏன் நம்பினார் என்பது தீர்ப்பு. முடிவை மட்டும் சொத்துத் தபசிலோடும் (சொத்தின் விவரப் பட்டியல்) செலவுத் தொகைக் கணக்கோடும் சுருக்கமாக எழுதியது டிக்ரி. பட்டா மாற்றவோ பேங்க்கில் காட்டவோ போகிறவர்கள் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு இன்னொன்றுக்காக மறுபடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

எங்க தாத்தா காலத்து கேஸ். எந்த கோர்ட்ல நடந்துச்சுன்னே தெரியல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நிலம் சம்பந்தப்பட்ட கேஸ் என்றால் நிலம் எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்தக் கோர்ட்டில்தான் போட்டிருப்பார்கள். சொத்தின் மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று மாறும். கைமாற்று, புரோநோட்டு கேஸ் என்றால் பிரதிவாதி குடியிருந்த ஊரையோ கொடுக்கல் வாங்கல் நடந்த ஊரையோ பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடினால் பழைய கேஸ் அகப்படாமல் போகலாம். தென்காசி 2019 வரை திருநெல்வேலி மாவட்டம். கள்ளக்குறிச்சியும் அதே ஆண்டு வரை விழுப்புரத்தில் இருந்தது. மயிலாடுதுறை 2020-இல்தான் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்தது. வருவாய் மாவட்டம் பிரிந்த அன்றே கோர்ட்டும் கட்டும் பிரிந்துவிடுவதில்லை. உங்கள் ஊருக்குப் புதிதாக முன்சீப் கோர்ட் வந்திருந்தாலும், அதற்கு முன் முடிந்த கேஸ்கள் பழைய தாலுகா ஊரிலேயே தங்கியிருக்கக்கூடும்.

இன்னொன்று. ‘ஆர்.டி.ஓ. கோர்ட்ல நடந்தது’ என்று சொல்லிக்கொண்டு முன்சீப் கோர்ட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம். தாசில்தார், கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்த பட்டா மேல்முறையீடுகள் எல்லாம் வருவாய்த் துறைக் கோப்புகள். டெல்டா பக்கம் சாகுபடிக் குத்தகைதாரர் கேஸ்களுக்கு வருவாய் நீதிமன்றம் என்றே தனியாக இருக்கிறது. அந்தக் காகிதங்களை சிவில் கோர்ட்டில் தேடிப் பயனில்லை.

கேஸ் நம்பர் தெரியாது. பேர் மட்டும்தான் தெரியும். கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு புதிய கேஸ் என்றால் முடியும். கோர்ட் கேஸ்களின் விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, ‘பார்ட்டி பெயர்’ என்ற இடத்தில் பெயரையும் ஆண்டையும் கொடுங்கள். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும். கேஸ் நடக்கிறதா, முடிந்ததா என்றும் கேட்கும். முடிந்த கேஸைத் தேடும்போது அந்த இடத்தை மாற்ற மறந்துவிட்டு ‘ஒண்ணும் வரல’ என்பவர்கள் பாதிப் பேர்.

மீதிப் பாதி எழுத்துக்கூட்டலில் மாட்டுவார்கள். பெயர் ஆங்கிலத்தில் ஏற்றப்பட்டிருக்கும். சுப்பிரமணியன் என்பதை ஆங்கிலத்தில் ஆறேழு விதமாக எழுதலாம். தட்டச்சு செய்தவர் எதைத் தேர்ந்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது. முழுப் பெயரும் அடிக்காமல் முதல் நாலைந்து எழுத்தோடு நிறுத்துங்கள். இனிஷியலை விட்டுவிடுங்கள். எதிராளி பெயரிலும் ஒருமுறை தேடுங்கள். பட்டியலில் முதல் வாதி, முதல் பிரதிவாதி பெயர்தான் கண்ணில் படும். உங்கள் அப்பா மூன்றாம் பிரதிவாதியாக இருந்தால் உள்ளே திறந்து பார்த்தால்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே முடிந்த கேஸ்கள் பெரும்பாலும் அங்கே இருக்காது. அப்போது வீட்டுப் பெட்டியைக் குடையுங்கள். சம்மன், வக்கீல் நோட்டீஸ், பழைய ரசீது எதிலாவது நம்பர் இருக்கும். அதன் பிறகு எழுதிய கிரயப் பத்திரத்தின் முன்வரலாற்றில் ‘மேற்படி முன்சீப் கோர்ட் ஓ.எஸ். இத்தனாம் நம்பர்’ என்று ஒரு வரி வந்திருக்கும். நான் தேடிக் கொடுத்த பழைய நம்பர்களில் நிறைய அந்த ஒரு வரியிலிருந்து கிடைத்தவைதான். எதுவுமே இல்லாவிட்டால் கோர்ட்டின் வழக்குப் பதிவேட்டை ஆண்டுவாரியாகத் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். ஆண்டு உத்தேசமாகவாவது தெரியாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஓ.எஸ்., ஏ.எஸ்., ஐ.ஏ. இதெல்லாம் என்ன?

ஓ.எஸ். என்பது அசல் சிவில் வழக்கு. அதற்குள் போடும் இடைக்கால மனு ஐ.ஏ. முதல் மேல்முறையீடு ஏ.எஸ்., உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது மேல்முறையீடு எஸ்.ஏ. டிக்ரியை நிறைவேற்றக் கேட்பது இ.பி. விபத்து இழப்பீடு எம்.சி.ஓ.பி., இந்துத் திருமண வழக்கு எச்.எம்.ஓ.பி. கிரிமினலில் மாஜிஸ்திரேட் கோர்ட் கேஸ் சி.சி., செஷன்ஸ் கேஸ் எஸ்.சி.

ஒவ்வொரு கோர்ட்டிலும் ஆண்டுதோறும் 1-இலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். ஆகவே ‘112-ஆம் நம்பர் கேஸ்’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. கோர்ட், வகை, நம்பர், ஆண்டு நான்கும் வேண்டும். கேஸ் வேறு கோர்ட்டுக்கு மாற்றப்பட்டிருந்தால் அங்கே புது நம்பர் விழுந்திருக்கும். இரண்டையும் குறித்து வையுங்கள்.

சி.என்.ஆர். நம்பர்னு ஒண்ணு வருதே, அது கேஸ் நம்பர்தானா?

இல்லை. அது எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட அடையாள எண். மாநிலம், மாவட்டம், கோர்ட், ஒரு வரிசை எண், ஆண்டு எல்லாம் அதற்குள் அடங்கும். அதில் வரும் வரிசை எண்ணை ஓ.எஸ். நம்பர் என்று நினைத்து மனுவில் எழுதிவிடாதீர்கள். இணையத்தில் தேட சி.என்.ஆர். போல வசதி வேறில்லை. ஒருமுறை கிடைத்தால் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

வெப்சைட்டிலேயே தீர்ப்பு இருக்கே. பிரிண்ட் எடுத்தா போதாதா?

படித்துத் தெரிந்துகொள்ளப் போதும். வக்கீலிடம் காட்டிக் கருத்துக் கேட்கவும் போதும். மேல்முறையீடு, பத்திரப் பதிவு, பேங்க் கடன், வேறொரு கேஸில் சாட்சியம் என்று வந்தால் சான்றிட்ட நகல் கேட்பார்கள். பொது ஆவணத்தின் சான்றிட்ட நகலைக் காட்டியே அந்த ஆவணத்தை நிரூபிக்கலாம் என்பது சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 74 முதல் 76 வரையிலான பிரிவுகள் இதைச் சொல்கின்றன. அந்த பலம் பிரிண்ட் எடுத்த தாளுக்குக் கிடையாது.

நகல் மனு எப்படிப் போடுறது? வக்கீல் கட்டாயமா?

நீங்கள் கேஸில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இருந்தால் நீங்களே போடலாம். இறந்துபோன பார்ட்டியின் வாரிசு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்துப் போடுங்கள். மனுவில் கோர்ட் பெயர், கேஸ் வகை, நம்பர், ஆண்டு, இரு தரப்பின் பெயர், தீர்ப்புத் தேதி, என்னென்ன நகல், எத்தனை பிரதி என்பவை தெளிவாக இருக்க வேண்டும். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் பிரிவில் கொடுத்தால் ஒரு நகல் மனு எண் விழும். சி.ஏ. நம்பர் என்பது அதுதான். அதைக் கையோடு எழுதி வாங்குங்கள். அடுத்தமுறை போகும்போது உங்கள் பெயரைவிட அந்த நம்பர்தான் அங்கே பேசும்.

‘முழு ரெக்கார்டும் வேணும்’ என்று எழுதினால் மனு ரிட்டர்ன் ஆகும். எந்த ஆவணம் என்று பெயர் சொல்ல வேண்டும். நம் ஊர் சிவில் கோர்ட்டுகளில் வாதி தரப்பு ஆவணங்கள் ஏ1, ஏ2 என்றும் பிரதிவாதி தரப்பு பி1, பி2 என்றும் குறியிடப்படும். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பட்டியல் இருக்கும். அதனால் தீர்ப்பை முதலில் வாங்கிப் படித்துவிட்டு, எது தேவையோ அதற்கு மட்டும் இரண்டாவது மனு போடுவதுதான் என் வழக்கம்.

கட்டு எங்கே இருக்கிறது என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள். முடிந்த கேஸின் கட்டு கொஞ்ச காலம் கழித்து மாவட்டக் கோர்ட்டின் ரெக்கார்ட் ரூமுக்குப் போய்விடும். அப்பீல் போட்டிருந்தால் மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கும். சில கோர்ட் வளாகங்களில் இ-சேவா மையம் இருக்கிறது. கேஸ் நிலவரம் பார்க்கவும் நகலுக்கு விண்ணப்பிக்கவும் அங்கே உதவி கேட்கலாம்.

எவ்வளவு செலவாகும்? எத்தனை நாள் ஆகும்?

பக்கக் கணக்குதான். மனு போட்டதும் எத்தனை பக்கம் என்று பார்த்து, இவ்வளவு ஸ்டாம்ப் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள். உங்களைத் தேடி யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். வெளியூரிலிருந்து மனு போட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து ‘ரெடியா?’ என்று வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வக்கீல் குமாஸ்தாவின் துணை இருப்பது நல்லது (என் இனத்துக்காக நான் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை).

கட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சில நாட்களில் முடியும். ரெக்கார்ட் ரூமிலிருந்து வர வேண்டுமானால் வாரக்கணக்கு. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை, அப்போது போய் நிற்காதீர்கள். ஸ்டாம்ப் செலவைத் தவிர யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. பணமே இல்லாதவர்கள் கோர்ட் வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நகல் வாங்கித் தருவதும் அதில் சேரும். உதவி எண் 15100.

நகலுக்குப் பின்னாடி நாலஞ்சு தேதி போட்டிருக்காங்க. அது எதுக்கு?

ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஆனால் மேல்முறையீட்டுக்குப் போகிறவருக்கு உயிர் அதில்தான். மனு போட்ட நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று வரிசையாக இருக்கும். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மீது மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் வாங்க நியாயமாகத் தேவைப்பட்ட காலத்தை அந்தக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

கழிவது நகல் தயாரான நாள் வரைதான். தயாரான பிறகு நீங்கள் வாங்க வராமல் இருந்த நாட்கள் உங்கள் கணக்கு. டிக்ரி இன்னும் எழுதவில்லை என்று சொல்லி மனுவே போடாமல் காத்திருந்த நாட்களும் கழியாது. அப்பீல் போகும் எண்ணம் இருந்தால் தீர்ப்புச் சொன்ன அன்றோ மறுநாளோ மனுவைப் போட்டுவிடுங்கள், டிக்ரி தயாராகட்டும் என்று நிற்க வேண்டாம்.

நான் அந்த கேஸ்ல பார்ட்டி இல்ல. நிலம் வாங்கப் போறேன். எனக்குக் கொடுப்பாங்களா?

கொடுப்பார்கள், ஆனால் கேட்ட மாத்திரத்தில் அல்ல. நீங்கள் மூன்றாம் நபர். நகல் மனுவோடு, என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். நீதிபதி உத்தரவு போட்ட பிறகே நகல். ‘தேவைப்படுகிறது’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். இந்த கிராமத்தில் இந்த சர்வே எண் நிலத்தை வாங்க உத்தேசித்திருக்கிறேன், இந்த வழக்கின் தபசிலில் அதே நிலம் வருகிறது என்று எழுதி, கிரய ஒப்பந்தம் இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள்.

தீர்ப்பும் டிக்ரியும் கேட்டால் பெரிதாகத் தடை வருவதில்லை. ஒரு தரப்பு தாக்கல் செய்த சொந்தக் காகிதங்களைக் கேட்டால் ‘உங்களுக்கு எதற்கு?’ என்ற கேள்வி வரும். இதைவிட எளிய வழி, விற்கிறவரையே மனு போட்டு வாங்கித் தரச் சொல்வது. கேஸில் பார்ட்டியாக இருந்துகொண்டு நகல் வாங்கித் தர மறுக்கிறார் என்றால் அட்வான்ஸ் கொடுக்க நான் யோசிப்பேன்.

ஆர்.டி.ஐ. போட்டா சுலபமா வந்துடாதா?

வழக்குக் கட்டிலுள்ள காகிதத்துக்கு வராது. நகல் தர கோர்ட் விதிகளிலேயே வழி இருக்கும்போது அந்த வழியில்தான் கேட்க வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தில் அல்ல என்று குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. கோர்ட் நிர்வாகம் பற்றிய தகவல்களைக் கேட்கலாம். முன்னே சொன்ன தாசில்தார், கோட்டாட்சியர் கோப்புகளுக்கு ஆர்.டி.ஐ. நன்றாகவே வேலை செய்யும்.

வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு. அப்போ கேஸ் இல்லைன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. வில்லங்கச் சான்றில் வருவது பதிவானவை மட்டும். பாகப்பிரிவினை கேஸ் ஒன்று முன்சீப் கோர்ட்டில் ஓடிக்கொண்டிருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அது தெரியாமலே இருக்கலாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரை, அவருக்குத் தெரியாவிட்டாலும், அந்த வழக்கின் முடிவு கட்டுப்படுத்தும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மகாராஷ்டிரத்தைப் போல வழக்கைப் பதிவு செய்தால்தான் இந்தப் பிரிவு செல்லும் என்ற நிபந்தனை இங்கே இல்லை. விற்பவர் பெயரிலும் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயரிலும் இ-கோர்ட்ஸில் தேடுங்கள். பாகம் கேட்டு வழக்குப் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

போலீஸ் கேஸ்னா எஃப்.ஐ.ஆர்., சார்ஜ் ஷீட் எல்லாம் கேட்டு வாங்கலாமா?

நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் தேடலாம். குற்றப்பத்திரிகை அப்படியல்ல. அதைப் பொதுவில் வெளியிடத் தேவையில்லை என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகலும் அவருக்கு இலவசம்.

போக்சோ, பாலியல் வன்கொடுமை, சிறார் சம்பந்தப்பட்ட கேஸ்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். விவாகரத்து வழக்கும் மூடிய அறையில் நடப்பது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறோம், அந்தக் குடும்பத்துப் பழைய டைவர்ஸ் கேஸ் வேண்டும் என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மனு எழுத மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

அப்பா ஒரிஜினல் பத்திரத்தை கோர்ட்ல குடுத்தாரு. கேஸ் முடிஞ்சு வருஷமாச்சு, பத்திரம் அங்கேயே கிடக்கு. எடுக்க முடியுமா?

முடியும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 13, விதி 9-இன் கீழ் மனு போட வேண்டும். மேல்முறையீட்டுக் காலம் முடிந்திருக்க வேண்டும், அல்லது மேல்முறையீடு முடிந்திருக்க வேண்டும். கேஸ் நடக்கும்போதே அவசரமாகத் தேவை என்றால் சான்றிட்ட நகலை அங்கே வைத்துவிட்டு, கேட்கும்போது அசலைத் திரும்பக் கொடுப்பேன் என்று உறுதி எழுதிக் கொடுத்து வாங்கலாம். செல்லாது என்று தீர்ப்பான பத்திரம் திரும்பி வராது.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். கட்டிலுள்ள காகிதங்களுக்கெல்லாம் ஆயுள் ஒன்றல்ல. தீர்ப்பையும் டிக்ரியையும் வைத்திருக்கும் அளவுக்கு மற்றவற்றை வைத்திருப்பதில்லை. 1917-ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி காலம் முடிந்தவை கழிக்கப்படும்.

‘கட்டு கிடைக்கல, அழிச்சிருப்பாங்க’ன்னு வாய்மொழியா சொல்லி அனுப்பிட்டாங்க. அவ்வளவுதானா?

வாய்மொழியை ஏற்காதீர்கள். எழுத்தில் மனு போடுங்கள், அதன் மேல் எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘அழிக்கப்பட்டது’, ‘காணப்படவில்லை’ என்ற அந்த மேலெழுத்து பின்னால் உங்களுக்கே சாட்சியம். அசல் தொலைந்துவிட்டது என்று காட்டினால்தான் கையிலிருக்கும் பழைய நகலை இரண்டாம் நிலைச் சாட்சியமாக ஏற்கக் கேட்க முடியும். மனு எழுத்தில் வந்ததும் கட்டு தானாகக் கிடைத்துவிட்ட அதிசயத்தையும் சிலமுறை பார்த்திருக்கிறேன்.

பிறகு மற்ற இடங்களைத் தேடுங்கள். அப்பீல் போயிருந்தால் மேல் கோர்ட் தீர்ப்பில் கீழ்க் கோர்ட் முடிவின் சாரம் இருக்கும். எதிராளியோ பக்கத்துப் பங்காளியோ முன்பே சான்றிட்ட நகல் வாங்கி வைத்திருக்கலாம். பட்டா மாற்ற தாலுகா ஆபீஸில் கொடுத்த நகல் அங்கே கோப்பில் கிடக்கலாம்.

1987-ல வந்த டிக்ரி. இப்போ நகல் வாங்கி என்ன பிரயோஜனம்?

என்ன டிக்ரி என்று பார்க்க வேண்டும். ‘சுவாதீனம் கொடு’, ‘பணம் கொடு’ என்று உத்தரவிட்ட டிக்ரியை நிறைவேற்ற 12 வருஷம்தான் கெடு. அதற்குள் இ.பி. போடாமல் விட்டிருந்தால் நகல் வாங்கியும் அமீனாவை (டிக்ரியை நிறைவேற்றப் போகும் கோர்ட் ஊழியர்) அனுப்ப முடியாது. நிரந்தர உறுத்துக்கட்டளைக்கு (இதைச் செய்யாதே என்று நிரந்தரமாகத் தடுக்கும் உத்தரவு) அந்தக் கெடு இல்லை. சொத்து யாருக்குச் சொந்தம் என்று விளம்புகை செய்த டிக்ரி இன்றும் உங்கள் உரிமைக்கு ஆதாரம். அதே தரப்பு அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட்டால் தடுக்கவும் உதவும்.

பாகப்பிரிவினை கேஸ் என்றால் கையில் இருப்பது முதல்நிலை டிக்ரியா, இறுதி டிக்ரியா என்று பாருங்கள். முதல்நிலை டிக்ரி யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் யாருடையது என்று பிரித்துக் கொடுப்பது இறுதி டிக்ரி. முதல்நிலையோடு நின்றுபோன கேஸ்கள் நம் பக்கம் நிறைய. அப்படியானால் தீர்ப்பு, டிக்ரி, பிராதின் தபசில் மூன்றுக்கும் நகல் மனு போட்டு வாங்கிக்கொண்டு, இறுதி டிக்ரிக்கு மனு போட வழி உண்டா என்று வக்கீலிடம் போங்கள்.